மணி அடித்ததா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிலடெல்பியாவை ஒட்டிய ஒரு புறநகரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். போன வருடம் குடியுரிமை வாங்கினேன். உறுதிமொழி சொல்லும்போது கை நடுங்கியது, ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் சுதந்திர மணியைப் பார்க்கக் கூட்டிப்போனேன். அமெரிக்கச் சுதந்திர நாளான 1776 ஜூலை 4 அன்று ஒரு பையன் ஓடிவந்து ‘தாத்தா, மணியை அடிங்க’ என்று கத்தியதாகவும், கிழவர் அடித்ததாகவும் மகள் ஒரு புத்தகத்தில் படித்திருந்தாள். அங்கிருந்த ரேஞ்சர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். குழந்தைக்கு முகமே வாடிவிட்டது. வீட்டுக்கு வந்து தேடினால் பெட்சி ராஸ் என்ற பெண் அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்த கதையும் சந்தேகம், ஜூலை 4 என்ற தேதியே சந்தேகம். மணியில் பென்சில்வேனியா என்ற பெயரில்கூட எழுத்துப்பிழை. நண்பர் ஒருவர், தேசபக்தியே வியாபாரம்தான், மெத்தைக்குத் தள்ளுபடி போடத்தான் அந்த நாள் என்கிறார். நம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி போல என்று நினைத்திருந்தேன். ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. வரும் ஜூலை 4க்கு வாசலில் கொடி வைக்கலாமா? மகளிடம் என்ன சொல்வது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். அது இல்லாவிட்டால் கடிதத்தை ஒதுக்கியிருப்பேன். அப்புறம், இரண்டு வாரமாக நானும் ஒரு மணியின் ஞாபகமாகவே இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறைக் கணக்குகளைத் தீர்த்துவிடலாம். பிரிட்டனிலிருந்து பிரிவதென்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் வாக்களித்தது 1776 ஜூலை 2. இனி வருடாவருடம் அந்த நாளைத்தான் ஊர்வலமும் வெளிச்சமுமாகக் கொண்டாடுவார்கள் என்று பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மறுநாள் மனைவிக்கு எழுதினார். சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது ஜூலை 4. தாளில் அந்தத் தேதி அச்சாகி, அதுவே நிலைத்துவிட்டது. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. அதனால் என்ன? நிச்சயதார்த்தம் ஒருநாள், தாலி ஒருநாள், பதிவு ஒருநாள் என்று நடந்த கல்யாணத்துக்கு எந்த நாளைக் கொண்டாடுவது என்பது அவரவர் வீட்டு விஷயம். அதே ஆடம்ஸும் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனும் சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள். தேதி பாவம், தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது.

பெட்சி ராஸ் கதையை அவருடைய பேரன் 1870இல் சொன்னார், அதற்கு முந்தைய சான்று இல்லை. ஆனால் 1777இல் பென்சில்வேனியாவின் கப்பல்களுக்குக் கொடி தைத்துக் கூலி வாங்கிய கணக்கு இருக்கிறது. பேரன் கொஞ்சம் ஊதியிருக்கிறார். எந்தப் பேரன்தான் ஊதமாட்டான்? எழுத்துப்பிழை என்றீர்கள். அந்தக் காலத்தில் ஒரு ‘என்’ குறைத்தும் எழுதினார்கள். உங்கள் கடிதத்தில் ஏழு இடங்களில் ஒற்று விட்டிருந்தீர்கள், திருத்தித்தான் போட்டிருக்கிறேன். மெத்தை விஷயத்தில் எனக்குக் கருத்தில்லை. முதுகுவலி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மனுநீதிச் சோழனை இப்போதைக்குத் திருவாரூரிலேயே விடுங்கள்.

இனி மணி. ரேஞ்சர் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு, ஏமாந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான். பொய் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது, இனிமேல் யோசிக்க வேண்டாம் பாருங்கள். உங்கள் நண்பர் அந்த வகை. நீங்கள் அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மணியை 1751இல் லண்டனிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள். மறுவருடம் வந்து இறங்கியது. சோதித்துப் பார்க்க ஒரு அடி அடித்ததுமே விரிசல் விட்டது. பாஸ், ஸ்டோ என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் உருக்கி மறுபடி வார்த்தார்கள். ஓசை சகிக்கவில்லை. திரும்பவும் உருக்கி வார்த்தார்கள். 2,080 பவுண்டு எடை. சட்டமன்றம் கூடுவதற்கு அடிக்கிற மணி அது, அரசு மாளிகை மணி என்பதற்கு மேல் அதற்குப் பெயர் கிடையாது. 1776 ஜூலை 4 அன்று பொது அறிவிப்பே இல்லை, மணி அடிக்க முகாந்திரமும் இல்லை. ஜூலை 8 அன்று பிரகடனத்தை மக்கள் முன் வாசித்தார்கள், ஊரில் மணிகள் அடித்தன. இதுவும் சேர்ந்து அடித்திருக்கலாம். ஆனால் மணிக்கோபுரம் அப்போது இற்றுப்போய்க் கிடந்தது. தாத்தாவும் பையனும் 1847இல் ஜார்ஜ் லிப்பார்ட் என்ற கதாசிரியரின் கற்பனையில் பிறந்தவர்கள்.

சரி, அப்படியானால் சுதந்திர மணி என்ற பெயரை யார் வைத்தார்கள்? இதைக் கேட்காமல் எப்படித் திரும்பி வந்தீர்கள்?

மணியின் மேல் விளிம்பில் ஒரு பைபிள் வசனம் இருக்கிறது. லேவியராகமம் 25:10. நம்மூர் பைபிளில் இப்படி வரும்: ‘தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறக்கடவீர்கள்.’ ஐம்பதாவது வருடம் யூபிலி. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்த அத்தியாயத்தின் விஷயம். வார்க்கச் சொன்னவர்கள் அடிமைகளை நினைத்து அந்த வசனத்தைப் போடவில்லை. மாகாணத்துக்கு வில்லியம் பென் 1701இல் கொடுத்த உரிமைச் சாசனத்துக்கு ஐம்பது வருடம், அந்தக் கணக்கு என்பார்கள். எண்பது வருடத்துக்கு மேல் அந்த வரி அங்கே சும்மா இருந்தது. 1830களில் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரர்கள் அதைப் படித்தார்கள். ‘குடிகளுக்கெல்லாம்’ என்று எழுதியிருக்கிறதே, எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தானே என்று கேட்டார்கள். அவர்களுடைய ஒரு பத்திரிகைதான் 1835இல் அதை முதன்முதலாகச் சுதந்திர மணி என்று எழுதியது. பெருமைப்பட்டுச் சூட்டிய பெயர் இல்லை, குத்திக்காட்டச் சூட்டியது. லிப்பார்ட்டின் கதை வந்தது அதற்குப் பிறகு. அது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டது. தாத்தா கதை பொய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறவனும் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை விட்டுவிடுகிறான்.

நானும் அங்கே போயிருக்கிறேன், கொட்டுகிற மழையில், செருப்பு நனைந்து. மணி மண்டபத்தின் வாசல் பக்கம் பார்த்திருப்பீர்கள், வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது குடியிருந்த வீட்டின் இடம் அது. அங்கே ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். வெளிமாநிலத்துக்காரர் கொண்டுவரும் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் தங்கினால் விடுதலை என்று பென்சில்வேனியாவில் சட்டம் இருந்தது. அதனால் கெடு முடிவதற்குள் அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796 மே மாதம் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் ஆள்விட்டும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. கூப்பிடுதூரத்தில் இதே மணி தொங்கிக்கொண்டிருந்தது. ஓனாவின் காதிலும் அது விழுந்திருக்கும்.

அடிமைத்தனத்திலிருந்து ஓடிவந்த இன்னொருவர் பிரெடரிக் டக்ளஸ். 1852இல் ராசெஸ்டர் நகரில் சுதந்திர தின உரைக்கு அழைத்தார்கள். ஜூலை 5 அன்று பேசினார். பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் தைரியசாலிகள் என்று மனதாரச் சொன்னார். பிறகு, இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையதல்ல என்றார். கதை பொய் என்று சொல்லவில்லை பாருங்கள், கதையில் எனக்கு இடம் எங்கே என்று கேட்டார். 1915இல் பெண்கள் வாக்குரிமைக்காக அந்த மணியைப் போலவே ஒன்றை வார்த்து, நாக்கைச் சங்கிலியால் கட்டி, லாரியில் ஏற்றிப் பென்சில்வேனியா முழுக்கக் கொண்டுபோனார்கள். வாக்குரிமை வரும்வரை அது பேசாது. 1920இல்தான் கட்டை அவிழ்த்து அடித்தார்கள்.

இப்போது என் மணி. அது மணியே இல்லை, தண்டவாளத் துண்டு. எங்கள் பள்ளியில் வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கும். பியூன் அண்ணாச்சி இரும்புக் கம்பியால் அடிப்பார். ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் தலைமையாசிரியர் அதைச் சுட்டிக்காட்டி, 1942இல் போராட்டக்காரர்கள் பெயர்த்த தண்டவாளம் இது, நம் பள்ளியின் விடுதலை மணி என்பார். எனக்கு மயிர்க்கூச்செறியும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அண்ணாச்சியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “அட போப்பா, பழைய இரும்புக்கடையில நாந்தானே எடை போட்டு வாங்கிட்டு வந்தேன்” என்றார். உங்கள் மகளுக்கு ஆனது எனக்கும் ஆனது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காலையில் மைதானம் கூட்டுவதும் கழிவறைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவனும் அவன் தெருப் பையன்களும்தான். ஏன் அவர்கள் மட்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த வருடம் ஆகஸ்ட் 14 அன்று கொடிக்கம்பத்துக்கு வெள்ளை அடிக்க விட்டார்கள். மறுநாள் மிட்டாய் கொடுக்கும்போது அவர்களுக்கு வருவதற்குள் தட்டு காலி. 16ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு, கணக்கு வகுப்பின் நடுவில், தண்டவாளம் கணகணவென்று அடித்தது. பள்ளி விட்டாச்சு என்று எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். அவன்தான். கம்பியைப் பிடுங்கும்வரை அடித்துக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் பிரம்பால் விளாசினார். “விடுதலை மணின்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்று அவன் அழுதுகொண்டே சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அது இரும்புக்கடைத் துண்டு என்று அப்போது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. சார், எனக்கும் அடி கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, அது வேறு.

போன மாதம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். தண்டவாளம் என்ன ஆனது என்று நாலு பேரைக் கேட்டேன். திரும்ப இரும்புக்கடைக்கே போயிருக்கும் என்றார் ஒருவர்.

மனுநீதிச் சோழனைப் பற்றி நீங்கள் எழுதியது அவ்வளவு அபத்தமில்லை என்று இப்போது தோன்றுகிறது. கயிற்றை இழுத்தது பசு.

கொடி வைப்பது உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். கை நடுங்கியவர் வைத்தால் அதில் தவறு காண எனக்கு மனசு வராது. மகளை இன்னொரு முறை கூட்டிப்போங்கள், இந்தத் தடவை கூட்டம் குறைவான நாளில். மணியில் அகலமாகத் தெரிகிறதே பிளவு, எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது, அது விரிசல் இல்லை, விரிசலைச் சரிசெய்யப் பார்த்த வேலை. மயிரிழையாக ஒரு கீறல் இருந்தது. 1846 பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடிக்க வேண்டும் என்று, விளிம்புகள் உரசி அதிராமலிருக்க, கீறலை வேண்டுமென்றே துளையிட்டு அரை அங்குலத்துக்கு அகலப்படுத்தினார்கள். அன்று மதியம்வரை நன்றாகத்தான் அடித்தது. பிறகு புதிதாக ஒரு விரிசல் கிளம்பி மேலே ஏறி, விடுதலை என்ற சொல்லின் ஊடாகவே போனது. அதற்குப் பிறகு ஊமை. அந்த இரண்டாவது விரிசல் மெல்லியது, தேடினால்தான் தெரியும். அகலமான பிளவின் ஓரத்தில் துளைக்கருவியின் தடங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவளை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை என்று எனக்கு எழுதட்டும், ஒற்றுப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.