பிள்ளையின் காதைக் குறை சொல்ல முன் வாத்தியத்தைப் பாருங்கள்

வாங்குவோர் கேள்வி–பதில்: இசைக்கருவிகள்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்க, ஏற்கனவே ஒருவர் பாவித்த கிற்றார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வெறுந்தந்தி ஆறும் சரியாக நிற்கிறது. மேல் பிரெற்றுகளில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பிகள்) பிடித்தால் சுருதி ஏறிப்போகிறது. "புதுத் தந்தி போட்டால் சரிவரும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: பாதிதான் உண்மை. துருவேறித் தேய்ந்த தந்தி சுருதி பிசகும், அது சரி. ஆனால் நீங்கள் சொல்லும் குறைக்குப் பெரும்பாலும் தந்தியின் உயரமே காரணம். தந்தி உயரத்தில் நின்றால் அழுத்தும்போது கூடுதலாக இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். இது திருத்தக்கூடிய குறை. திருத்த முடியாத குறை வேறு இருக்கிறதா என்பதைத்தான் காசு கொடுக்க முன் பார்க்க வேண்டும்.

முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். உடற்பலகையில் தந்திகள் கட்டியிருக்கும் மரத்துண்டு அது. அதன் பின்விளிம்பில் ஒரு கடதாசியை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். தகரக் கூரை வீட்டிலோ வெயிலில் நிறுத்திய வாகனத்திலோ கிடந்த கிற்றாருக்கு எங்கள் பக்கத்து வெக்கையில் இது நடக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளியிருந்தாலும் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அடுத்தது கழுத்து. தடித்த தந்தியை முதலாம் பிரெற்றிலும் பதினான்காம் பிரெற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாம் பிரெற்றில் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. வரை, கிட்டத்தட்ட ஒரு விசிற்றிங் காட் தடிப்பு இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் றொட்டை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) அலன் கீயால் மணிக்கூட்டு முள் போகும் பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் பண்ண வேண்டாம். றொட் முறிந்தால் கழுத்தே போச்சு.

பிறகு உயரம். பன்னிரண்டாம் பிரெற்றின் கம்பிக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடையில் சின்ன அடிமட்டத்தை வைத்து அளவுங்கள். இரும்புத் தந்தி அக்கூஸ்ரிக் கிற்றாரில் தடித்த தந்திக்கு 2.5, மெல்லிய தந்திக்கு 2 மி.மீ. போதும். 3.5 இருந்தால் விரலும் நோகும், சுருதியும் ஏறும். கழுத்து நேராக இருந்தும் உயரம் கூடவென்றால் சடிலை (பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டு) கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்க்கலாம். இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: பன்னிரண்டாம் பிரெற்றில் 1 மி.மீ. குறைய வேண்டுமென்றால் சடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தட்டில் 120 ஆம் இலக்க அரத்தாளை விரித்து, செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னமே நிறுத்திப் பூட்டிப் பாருங்கள். கூடத் தேய்த்துவிட்டால் புதுச் சடில்தான் வாங்க வேண்டிவரும். அடி வளைந்தால் சில தந்திகளின் சத்தம் செத்துப்போகும்.

எஃப் கோட் மட்டும் பிசகுகிறதென்றால் குற்றம் தலைப்பக்கத்து நற்றில் (தந்திகள் தாண்டிவரும் வெட்டுகள் உள்ள துண்டு). இரண்டாம், மூன்றாம் பிரெற்றுகளுக்கு இடையில் தந்தியை அழுத்திப் பாருங்கள். முதலாம் பிரெற்றுக்கும் தந்திக்கும் இடையில் மயிரிழைதான் தெரிய வேண்டும்.

கடைசிச் சோதனை: பன்னிரண்டாம் பிரெற்றுக் கம்பிக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு நாதம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். ரியூனரில் (சுருதியை ஊசியால் காட்டும் கருவி) இரண்டுக்கும் வித்தியாசம் 5 சென்ற்றுக்குள் என்றால் நல்ல கிற்றார். (சென்ற் என்றால் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு.) புதுத் தந்தி போட்டு, உயரத்தையும் குறைத்த பிறகும் 10ஐத் தாண்டினால் சடிலின் இடமே பிழை. புதுத் தந்தியின் விலையையும் திருத்தக் கூலியையும் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அது நியாயமான பேரம்தான்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்காக இணையத்தில் வயலின் வாங்கினோம். பிரடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) வழுக்குகிறது, விடிய எடுத்தால் தந்தி தளர்ந்து கிடக்கிறது. சுருதி சேரவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளைக்குக் காது இல்லையோ?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, சுருதி நிற்காத வயலினை வைத்துப் பிள்ளையின் காதை எடைபோடாதீர்கள். வாசிக்கும்போதே இறங்கிக்கொண்டிருக்கும் தந்தியில் எந்தக் காதும் பழகாது.

கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்க, பிரடை வழுக்கும். மாரியில் ஊதி இறுகிக்கொள்ளும். திருப்பும்போதே உள்ளுக்குத் தள்ளித் திருப்ப வேண்டும். அப்படியும் வழுக்கினால் பிரடையைக் கழற்றி, ஓட்டையில் உரசும் இரண்டு இடத்திலும் வெண்கட்டி பூசுங்கள். இறுகினால் காய்ந்த சவர்க்காரம். ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டுமே கழற்றுங்கள். நாலையும் ஒன்றாகக் கழற்றினால் உள்ளே பசையில்லாமல் அழுத்தத்தில் நிற்கும் நாதக்கோல் விழுந்துவிடும். அதை நிறுத்தத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பக்கத்துத் துவாரங்களின் உள்வெட்டுகளுக்கு நேராக நிற்கிறதா பாருங்கள். சுருதி கூட்டக் கூட்டத் தந்தி அதை விரற்பலகைப் பக்கம் சாய்க்கும். வால்பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக இருக்கும்படி இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள்.

அளவையும் பாருங்கள். வயலினைத் தோளில் வைத்துக் கையை நீட்டினால் தலைச் சுருள் உள்ளங்கையில் வந்து, முழங்கை கொஞ்சம் மடிந்தபடி விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். எட்டிப் பிடிக்கிறாள் என்றால் வயலின் பெரிது. நாலாம் விரல் சுரத்துக்கு எட்டாமல் குறைந்தே விழும். அதையும் காதின் குற்றம் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: போனில் ரியூனர் இருக்கும்போது சுருதிப் பெட்டி வாங்க வேணுமா?
— வாசகர், வவுனியா

பதில்: பெட்டி அவசியமில்லை, தம்புரா ஒலிக்கும் இலவசச் செயலி போதும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச் சத்தம் கேட்காது என்பதால் வெளி ஸ்பீக்கரில் இணையுங்கள். ரியூனர் கண்ணுக்கானது, தம்புரா காதுக்கு. ஊசியைப் பார்த்தே பழகினால் ஊசி இல்லாத மேடையில் தடுமாறுவீர்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். தம்புராவைப் போட்டு ஸ, ப, மேல் ஸ மூன்றையும் மூச்சு முட்டும்வரை நீட்டிப் பாடுங்கள். பிறகு தந்தியைத் தம்புராவோடு சேருங்கள். கிட்ட வரும்போது சத்தம் கூடிக் குறைந்து அலையடிக்கும்: ஒரு செக்கனுக்கு இரண்டு அலை என்றால் இரண்டு ஹேட்ஸ் (செக்கனுக்கு இரண்டு அதிர்வு) வித்தியாசம். அலை மெதுவாகி நிற்கும் இடமே சுருதி. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி பிறகும் தளரும். எல்லாம் முடிந்த பிறகு ரியூனரைப் பாருங்கள்.

அந்தரகாந்தாரத்தை (உயர்ந்த க சுரம்) தம்புராவோடு சேர்த்துப் பாடினால் ரியூனர் 14 சென்ற் குறைவு என்று காட்டும். பயப்பட வேண்டாம். ரியூனரும் ஆர்மோனியமும் ஸ முதல் மேல் ஸ வரை பன்னிரண்டு சமபங்கு போட்ட சுருதியில் நிற்பவை. தூய காந்தாரம் அதைவிடத் தாழ்ந்தது. பிழை உங்களுடையதல்ல.

கேள்வி: கடையில் வாங்கிய ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஊமை. விற்றது விற்றதுதான் என்கிறார்கள்.
— வாசகி, மல்லாவி

பதில்: றீட்டில் (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) தூசி சிக்கினாலும் ஊமையாகும், ஆனால் புதுப் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்; திறந்தால் குற்றம் உங்கள் தலையில் விழும். கட்டைகளை அழுத்தி வீடியோ எடுத்துப் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.