போனார்கள் சார், ஜெயிக்கவும் செய்தார்கள்

கேள்வி: அமெரிக்க அடிமைகளுக்கு லிங்கன் விடுதலை வாங்கித் தந்தார் என்கிறார்கள். அதுவரை அவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? கோர்ட்டுக்காவது போயிருக்கலாமே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சும்மா இருந்தார்கள் என்று யார் சொன்னது? போனார்கள் சார். மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகளின் கட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஜெயித்தவர்களும் உண்டு. அடிமை முறை இல்லாத மண்ணில் எஜமான் குடிவைத்தால் தளை அங்கேயே அறுந்தது, மிசௌரிக்குத் திரும்பினாலும் மறுபடி ஒட்டாது என்று 1824-இல் வின்னி என்ற பெண்ணின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் 1846-இல் ட்ரெட் ஸ்காட்டும் மனைவி ஹாரியட்டும் தனித்தனியே வழக்குப் போட்டார்கள். அவர்களையும் எஜமான் டாக்டர் எமர்சன் அடிமை முறை இல்லாத மண்ணில் குடிவைத்திருந்தார். அவர் இறந்துபோனதால் வழக்கு அவருடைய விதவைமேல். ட்ரெட் கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஒரு பெருக்கல் குறிதான். வழக்கின் வடிவம் என்ன தெரியுமா? அடிதடி கேஸ்! ‘சுதந்திர மனிதனான என்னை அடித்து அடைத்துவைத்தார்கள், 10 டாலர் நஷ்டஈடு வேண்டும்’ என்று.

1847 விசாரணையில் ஒரு கூத்து. அந்த விதவையிடமிருந்து ஸ்காட் தம்பதியைக் கூலிக்கு எடுத்தவர் சாட்சி சொல்ல வந்தார். குறுக்கு விசாரணையில், ‘பேசி முடித்ததெல்லாம் என் மனைவி, எனக்கு நேரடியாகத் தெரியாது’ என்றுவிட்டார். ஆக, டாக்டர் எமர்சனின் விதவைதான் இவர்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பது நிரூபணம் ஆகவில்லையாம். அதனால் அந்த அம்மாளுக்கே அடிமையாகத் தொடரவேண்டியதாயிற்று!

மறு விசாரணையில், 1850-இல், ஜூரிகள் விடுதலை என்றார்கள். 1852-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. இடையில் சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. காலம் முன்புபோல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்களே, அதுவரை சரி.

அப்புறம் 1857, மார்ச் 6. கறுப்பர் அடிமையானாலும் சுதந்திரரானாலும் அமெரிக்கக் குடிமகனே ஆக முடியாது, மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடவே உரிமை இல்லை என்று அரசியல் சட்டத்தின் பெயரால் எழுதினார் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி. அரசியல் சட்டத்துக்கு முன்பே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்களித்திருக்கிறார்கள் என்று மறுப்புத் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார் அதே கோர்ட்டின் இன்னொரு நீதிபதி கர்ட்டிஸ். எடுபடவில்லை, ஏழுக்கு இரண்டு.

இரண்டு மாதம் கழித்து, எமர்சனுக்கு முன் ட்ரெட்டை வைத்திருந்த எஜமானின் மகன் ஒருவர் குடும்பத்தையே தன் பெயருக்கு மாற்றி வாங்கி விடுவித்தார். வழக்கு நடந்த வருடங்களில் ஷெரீப் அவர்களைக் கூலிக்கு விட்டு, அந்தப் பணத்தைப் பிடித்துவைத்திருந்தார். அதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டது யார் தெரியுமா? அதே எமர்சன் விதவை.