இன்டர்வியூவுக்கு டெய்லர்கிட்ட கம்மி விலையில தச்ச கோட் சூட் போட்டுட்டுப் போகலாமா?

தாராளமா போகலாம், நானே போயிருக்கேன். 2015ல திருச்சில ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்சிட்டு பெங்களூர்ல ஃப்ரன்ட் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ, அந்த வேலைக்கு கோட் இல்லாம போய் நிக்க முடியாது, ஷோரூம்ல பாத்தா 9,000 ரூபாய்க்கு கீழ ஒண்ணும் பிடிக்கல, அப்பாகிட்ட கேக்கவும் மனசு வரல. துணி எடுத்து எங்க தெரு டெய்லர் அண்ணன்கிட்ட குடுத்தேன், தையக்கூலியோட சேத்து 4,500தான் ஆச்சு.

58 இன்ச் பன்னா, அதாவது அகலம் இருக்கற துணின்னா கோட்டு பேன்ட் ரெண்டுக்கும் 3, மிஞ்சினா 3.25 மீட்டர் போதும். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த டெரி விஸ்கோஸ் துணியே எடுங்க, ஆனா பளபளன்னு இருக்கக்கூடாது, நேவி ப்ளூ இல்லன்னா சார்கோல் கிரே. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா நம்ம ஊர் டெய்லருங்க தைக்கிறது பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷன் கோட்டுதான், நாம ஒண்ணும் சொல்லலன்னா அதே மாதிரி தோள்ல தடியா பேடு வெச்சு மினுமினுன்னு தச்சு குடுத்துருவாங்க. மாப்பிள்ளை கோட்டு வேணாம், பேடு மெல்லிசா இருக்கட்டும்னு முதல்லயே சொல்லிருங்க.

ட்ரையல் பாக்காம மட்டும் வாங்காதீங்க. நான் டீ ஷர்ட்ல போய் நின்னேன், அண்ணன் திருப்பி அனுப்பிட்டாரு, "தம்பி, அன்னைக்கு போடப்போற சட்டையும் ஷூவும் போட்டுட்டு வா"ன்னு. அவர் சொன்னது சரி, கோட்டு கைக்கு வெளிய சட்டை அரை இன்ச் தெரியணும், வேற சட்டைல அது எப்படித் தெரியும்? முக்கியமா தோள பாருங்க, தோள் எலும்பு முடியற எடத்துல தையல் வரணும். இடுப்பு, கை நீளம் எல்லாம் பின்னாடி சரி பண்ணிக்கலாம், தோள்னா கைய கழட்டி பேட கழட்டி கிட்டத்தட்ட புதுசா தைக்கற வேலை. முகூர்த்த மாசம்னா இழுத்தடிப்பாங்க, 3 வாரம் முன்னாடியே குடுத்துருங்க.

தண்ணில போட்டு துவைக்காதீங்க, கோட்டு விறைப்பா நிக்க உள்ள ஒட்டியிருக்கற கேன்வாஸ் துணி விட்டுக்கிட்டு நெஞ்சுப்பக்கம் கொப்புளமா எழும்பிரும், ட்ரை க்ளீனிங்தான்.

அப்புறம் சைடு தையல்ல உள்ள ஒரு இன்ச் துணி விட சொல்லுங்க. எனக்கு அண்ணன் கேக்காமலே விட்டிருந்தாரு. 2019ல உடம்பு போட்டப்ப அத பிரிச்சு விட்டுக் குடுத்தாரு, காசு குடுத்தும் வாங்கல, அடுத்த வேலைக்கான இன்டர்வியூவுக்கும் அதே கோட்டுலதான் போனேன்.