நக்கிள்பால் சுழலாமல் போக

பேஸ்பாலில் நக்கிள்பால் (சுழலாமல் தள்ளாடிப் போக வேண்டிய மெதுவான பந்து) போட்டால் பந்து சுழன்றுகொண்டே நேராகப் போகிறது, எல்லாரும் வெளுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெயரை நம்பி விரல் முட்டியை (நக்கிள்) வைத்துப் பிடிக்கிறீர்களோ? அதை விடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் நகங்களைத் தையலுக்குச் சற்றுக் கீழே ஊன்றி, மணிக்கட்டைச் சொடுக்காமல் பந்தைத் தள்ளிவிடுங்கள். போய்ச் சேரும்வரை ஓரிரு சுற்றுக்கு மேல் கூடாது. அப்போதுதான் தையல் காற்றைக் குலைத்து, பந்து தள்ளாடும். அமெரிக்கப் பந்துவீச்சாளர் டிம் வேக்ஃபீல்ட் மணிக்கு 65 மைல் வேகத்தை ஒட்டி இப்படிப் போட்டே 200 ஆட்டங்கள் வென்றார். நகத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம், சுழன்றால் அது வெறும் மெதுவான பந்துதான், அடிப்பது சுலபம். 1946-இல், சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில், பந்துவீச்சாளர் ரிப் செவெல் வானத்துக்குத் தூக்கிப் போட்ட ஈஃபஸ் என்ற மிக மெதுவான பந்தையே மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் ஹோம் ரன் அடித்துவிட்டார். முதலில் முப்பது அடியில் நின்று பழகுங்கள்.