லிட்டோரினா ரயில்களும் அவற்றின் காலத்துச் சுவரொட்டிகளும்: கேள்வி பதில்

கேள்வி: லிட்டோரினா என்பது கம்பெனிப் பெயரா?

பதில்: இல்லை. லிட்டோரினா என்பது 1930-களில் இத்தாலியில் ஓடிய மோட்டார் ரயில் வண்டி. அதைச் செய்த கம்பெனி ஃபியட். 1932-ல் ரோமுக்குத் தெற்கே சதுப்பு நிலத்தை வடித்து லிட்டோரியா என்று ஓர் ஊர் கட்டினார்கள். அந்த ஊரிலிருந்து வண்டிக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஊர்ப்பெயரோ, முசோலினி ஆட்சியின் சின்னமான கோடரி செருகிய கழிக்கட்டைக் குறிப்பது. போருக்குப் பிறகு ஊரை லத்தீனா என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் வண்டியின் பெயர் மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது.

கேள்வி: வண்டியில் 'ஏ.எல்.என். 56' என்று இருக்கிறதே?

பதில்: இலகுரக மோட்டார் வண்டி, டீசலில் ஓடுவது, 56 இருக்கை. கடைசி எழுத்து 'பி' என்றால் பெட்ரோல்.

கேள்வி: நீராவி எஞ்சின் இருக்க இது எதற்கு?

பதில்: இத்தாலியில் நிலக்கரி குறைவு, பெரும்பாலும் இறக்குமதிதான். கூட்டமில்லாத கிளைப்பாதையில் முப்பது பேருக்காக எஞ்சினுக்குத் தீமூட்டி, கரி அள்ளிப் போட ஓர் ஆளும் வைத்தால் கட்டுப்படியாகுமா? மோட்டார் வண்டியில் ஓட்டுநர் அறை இரண்டு பக்கமும் உண்டு. கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

கேள்வி: ரயில் சுவரொட்டிகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?

பதில்: லிட்டோரினாவுக்கு முந்தையது. ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்ளான் ரயில் சுரங்கம் திறந்ததையொட்டி 1906 மிலான் கண்காட்சிக்கு லெயோபோல்டோ மெட்லிகோவிட்ஸ் வரைந்தது. சுரங்க இருட்டு, வாயிலில் வெளிச்சம், தூரத்தில் மிலான் பேராலயம். எஞ்சின் முகப்பில் இருவர் நமக்கு முதுகு காட்டி இருக்கிறார்கள். ஒருவர் இறகு வைத்த தலைக்கவசம் அணிந்த மெர்குரி என்ற ரோமானியக் கடவுள். ரயிலை அதிகம் காட்டாமல் நம்மையே அதில் ஏற்றிவிடுகிறார் ஓவியர். 1930-களின் ஓவியர்கள் வண்டியின் மூக்கையே பெரிதாக்கி வேகத்தைக் காட்டினார்கள். எனக்கென்னவோ முந்தையதுதான் நெஞ்சில் நிற்கிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பூதக்கண்ணாடி வைத்து வானம் வரைந்த இடத்தைப் பாருங்கள். அசல்கள் கல் அச்சில் அடித்தவை. அதில் கொழுப்புப் பென்சிலால் கல்லின் மேலேயே வரைவார்கள், நிறத்துக்கு ஒரு கல். அதனால் மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாத புள்ளிகள் தெரியும். வரிசை பிசகாத வட்டப் புள்ளிகள் இருந்தால் அது பிற்காலத்து ஆப்செட் மறுபதிப்பு. ஓரத்தில் வரி முத்திரை ஒட்டியிருந்தால் கிழித்துவிடாதீர்கள். அந்தத் தாள் ஒரு காலத்தில் சுவரில் ஒட்ட வரி கட்டியது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கேள்வி: இன்று லிட்டோரினாவை எங்கே பார்க்கலாம்?

பதில்: இத்தாலியின் பழைய குடியேற்ற நாடான எரித்திரியாவில், அஸ்மாராவில் பாதுகாத்திருக்கிறார்கள். அங்கே அது ஓடியது, மஸாவா துறைமுகத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்திலுள்ள அஸ்மாராவுக்கு ஏறும் 118 கிலோமீட்டர் ரயில் பாதையில்.