சொட்டு மருந்துக்கு அடங்காத காதுச் சீழ்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு வலது காதில் மட்டும் சீழ். சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் என்றும் இருக்கிறது. சொட்டு விடும்வரை அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. ஏன்?

பதில்: ரிப்போர்ட்டில் தவறில்லை. ஆனால் ஆய்வகத்தில் சோதிப்பது தனித்தனியாக இருக்கும் கிருமியை. காதுக்குள் அதே கிருமி பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிவிடுகிறது. மருந்து உள்ளே எளிதில் இறங்குவதில்லை. இறங்கியதையும் கிருமி பம்ப் வைத்து வெளியேற்றுகிறது. போதாக்குறைக்கு எலாஸ்டேஸ் என்ற நொதியால் தோலை அரித்துப் புண்ணாக்கும். சீழில் பச்சை நிறம் தெரிந்தால் அது பயோசயனின் என்ற அதன் சாயம். அதுவும் திசுவைத் தாக்கும் நச்சுதான்.

அதனால் மருந்தை மாற்றுவதற்கு முன் காதைச் சுத்தம் செய்யுங்கள். டிரிஸ்-ஈடிடிஏ கரைசலைக் காது நிறைய ஊற்றி, அடிக்காதை ஒரு நிமிடம் பிசைந்து, நாயை உதற விட்டு, வெளியே வருவதைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். 15 முதல் 30 நிமிடம் கழித்து ஆன்டிபயாடிக். இந்தக் கரைசல் கிருமியின் வெளிச்சுவரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உருவிவிடுவதால், ஓட்டை விழுந்த சுவர் வழியே மருந்து நுழையும். கழிவு கறுப்பாகப் பசைபோல் ஒட்டினால், படலத்தைக் கரைக்க அசிடைல்சிஸ்டீன் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அளவிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்புகிறது. நாலு சொட்டு அந்த வளைவைத் தாண்டாது. லாப்ரடார் அளவு நாய்க்கு வேளைக்கு 1 மி.லி. வரை தேவைப்படலாம். இதையெல்லாம் தொடங்குமுன் ஓட்டோஸ்கோப் என்ற காது பார்க்கும் கருவியில் செவிப்பறையைப் பார்த்தாக வேண்டும். அது கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் செவித்திறனையே கெடுக்கலாம்.

நாற்றம் போனதும் நிறுத்தாதீர்கள். காதுக் கழிவை ஸ்லைடில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குச்சி வடிவக் கிருமி இல்லை என்று உறுதியான பிறகே நிறுத்த வேண்டும். இரு காதிலும் வந்தால் முதலில் அலர்ஜியைச் சந்தேகிப்போம். ஒரே காது என்பதால் உள்ளே புல் முள்ளோ கட்டியோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வினிகர் கலந்து கழுவலாமா?

பதில்: வினிகரில் இருக்கும் நீர்த்த அசிட்டிக் அமிலம் சூடோமோனாஸைக் கொல்லும், உண்மைதான். ஆனால் புண்ணான காதில் கடுமையாக எரியும். அமிலத்தன்மையில் என்ரோஃப்ளாக்சசினும் ஜென்டாமைசினும் வேகம் இழக்கும். வினிகரையும் இந்த மருந்துகளையும் சேர்க்காதீர்கள்.