பூனை ஏன் அங்கே போய்ப் படுக்கிறது? கேள்வி பதில்

கால்நடைத் திணைக்களத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். பூனை என் சொந்த வருத்தம். இப்போது வீட்டில் ஐந்து. பூனையின் நித்திரை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் பிழை, கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்டவர்களின் வன்னி ஊர்ப்பெயரை மட்டும் முன்னால் போட்டிருக்கிறேன். ஒரே கேள்வி மூன்றாம் தரம் வந்தால் எனக்குக் கோபம் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

பரந்தன்: பகல் முழுக்கப் படுக்கிறது. மம்மல் பொழுதிலும் விடிய நாலு மணிக்கும் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது. ஏதும் வருத்தமோ?

இல்லை. வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் படுக்கும். குட்டியும் கிழடும் 20 மணி வரை போகும். எலி அதிகம் நடமாடுகிற வேளைகளில் மம்மலும் விடியலும் உண்டு, பூனையின் உடம்பு அதற்கே பழகியது. பகலில் படுத்திருக்கும்போது காதைப் பாருங்கள்: கண் மூடியிருக்கும், காது மட்டும் சத்தம் வரும் பக்கம் திரும்பும். முக்கால்வாசி அப்படியான கோழித்தூக்கம்தான். இரவு நீங்கள் படுக்கப்போக முன் கயிற்றை இழுத்து அதை ஓடவிட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். நாலு மணிக்கு எழும்பி மீன் வைக்காதீர்கள். ஒருநாள் வைத்தால் மறுநாள் மூன்றரைக்கே எழுப்பும்.

விசுவமடு: எங்கள் பூனை அடுப்புச் சாம்பலுக்குள்தான் படுக்கிறது. வீட்டுக்குக் கூடாது என்று மாமி சொல்கிறா.

தங்கச்சி, அடுப்பில் பூனை படுத்திருக்கிறது என்று ஊர்ப் பேச்சில் சொன்னால் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று அர்த்தம். வறுமை வந்ததால் பூனை அடுப்புக்கு வந்தது. மாமி அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறா. உங்கள் பூனைக்குக் காரணம் வெறும் சூடு. பூனையின் உடம்புச் சூடு 38 பாகைக்கு மேலே. நமக்கு வியர்த்து ஊற்றுகிற 30 பாகைக்கு மேல்தான் அதற்கு இதமே தொடங்கும். மார்கழிப் பனியில் இரவுச் சமையல் முடிந்த அடுப்பைவிட நல்ல கட்டில் அதற்கு எங்கே கிடைக்கும்? இதே பூனை பங்குனி வெயிலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் கால் நாலையும் நீட்டிக் கிடக்கும், பாருங்கள். ஒரு பயம் மட்டும் உண்டு. சாம்பலுக்கு அடியில் தணல் கிடந்தால் பாதம் வெந்துபோகும். நன்றாக ஆறும்வரை தகரத்தால் மூடிவையுங்கள்.

மல்லாவி: நித்திரையில் கால் உதறுகிறது, மீசை துடிக்கிறது, முனகுகிறது. வலிப்பா? பனடோல் கால்வாசி கொடுக்கலாமா?

பனடோல், அதாவது பரசிற்றமோல், கொடுக்கக் கூடாது. கால்வாசியும் கூடாது, சீனித்தண்ணீரில் கரைத்தும் கூடாது. அந்த மருந்தை உடைத்துக் கழிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போய், முரசு (பல் ஈறு) மண்ணிறமாகிச் செத்துப்போகும். ஒரு குளிசை போதும்.

நீங்கள் பார்த்தது கனவு. பிரான்சில் மிஷேல் ஷுவே என்ற ஆராய்ச்சியாளர் 1959 அளவில் பூனைகளை வைத்தே இந்த நித்திரையைப் படித்தார். கனவு நேரத்தில் உடம்பைக் கட்டிவைக்கிற மூளைப் பகுதியைச் சேதப்படுத்தியதும், பூனைகள் நித்திரையிலேயே எழும்பி இல்லாத எலியைத் துரத்தின. உங்கள் பூனையில் அந்தக் கட்டு நன்றாக இருப்பதால் கால் நுனி மட்டும் உதறுகிறது. தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்தால் கனவு. விறைத்து, வாயில் நுரை தள்ளி, சலமும் போய், கூப்பிட்டும் தெரியாமல் கிடந்தால் வலிப்பு, மிருக வைத்தியரிடம் போங்கள்.

மாங்குளம்: லொறி எஞ்சினுக்குள் போய்ப் படுக்கிறது.

சூட்டுக்குத்தான். ஸ்டார்ட் பண்ண முன் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

நெடுங்கேணி: பகல் முழுக்கப் படுக்கிறதே?

பரந்தனுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

உருத்திரபுரம்: 2008 மாரியில் சண்டையால் வெளிக்கிட்டோம், பூனையைக் கொண்டுபோக முடியவில்லை. 2010இல் திரும்பி வந்தால் கூரை இல்லை, குசினிச் சுவர் மட்டும் நின்றது. அடுப்புக் கல்லு மூன்றுக்கும் நடுவில் அதே பூனை படுத்திருந்தது. பூனை ஆளைவிட இடத்தைத்தானே நேசிக்கிறது?

ஐயா, மனது நோகச் சொல்லவில்லை. ஆளில்லாத ஊரில் எலியும் ஓணானும் தின்று பூனை பிழைக்கும், அதை நம்புகிறேன். ஆனால் அதே பூனையா? ஒதுங்க இடம் தேடி வந்த வேறு பூனையாக இருக்கலாம், பழைய பூனையின் மகளாகவும் இருக்கலாம்.

ஒட்டுசுட்டான்: அண்ணை, அவர் வளர்த்த பூனை அவருக்குத் தெரியாதா? உங்களுக்கு உங்கள் பூனை தெரியாதா?

தெரியும் தம்பி. ஆனால் ஆசைப்பட்டதையும் கண் காணும். நிறம் என்ன என்று அவரிடமே கேட்போம்.

உருத்திரபுரம்: வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள். இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நாடியில் செம்மஞ்சள் பொட்டு, வலது முன்காலில் மட்டும் கறுப்புச் சொக்ஸ். முந்தியும் அப்படித்தான்.

இது கதையையே மாற்றுகிறது. மூன்று நிறமென்றால் ஏறக்குறையக் கட்டாயம் பெட்டை. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் அதில் ஒன்றைத் தன்பாட்டில் அணைத்துவிடும். எந்தத் திட்டில் எது அணையும் என்பது சும்மா குருட்டு அதிர்ஷ்டம். அமெரிக்காவில் 2001 மார்கழியில் மூன்று நிறப் பூனை ஒன்றைப் படியெடுத்தார்கள் (குளோனிங்). பிறந்த குட்டியில் செம்மஞ்சளே இல்லை! படியெடுத்ததற்கே அந்தக் கதி என்றால் மகளுக்குத் தாயின் திட்டுகள் அப்படியே வர வழியில்லை. மூன்று அடையாளமும் உங்கள் ஞாபகத்தில் சரியாக இருந்தால் அது உங்கள் பூனைதான். மகள் என்று சொன்னதை மீளப் பெறுகிறேன்.

ஒட்டுசுட்டான்: அப்போ இடத்தைத்தான் நேசித்தது?

விடமாட்டீர்கள் போல. ஐயா, நீங்கள் வந்த அன்று இரவு அது எங்கே படுத்தது?

உருத்திரபுரம்: தறப்பாளுக்குள், எங்கட அம்மாவின் காலடியில். அடுப்புப் பக்கம் பிறகு போகவில்லை.

சரி.

முருகண்டி: என் தலைமாட்டில் படுக்கிறது. ஏன்?

தலைதான் போர்வைக்கு வெளியே இருக்கிற சூடு.

வற்றாப்பளை: பகல் முழுக்க…

பரந்தன். பரந்தன். பரந்தன்.

துணுக்காய்: கடுவன். எப்போதும் நெல்மூட்டை மேல் படுக்கிறவன் நேற்றிலிருந்து கட்டிலுக்குக் கீழே. மணலில் போய்ப் போய்க் குந்துகிறான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலா?

தம்பி, இதை வாசித்து முடிக்காமல் வெளிக்கிடுங்கள். சலக்குழாய் அடைத்திருக்கிறது. கடுவனுக்கு அந்தக் குழாய் ஒடுக்கம். ஓரிரு நாளில் உயிர் போகும். வயிற்றை அமுக்காதீர்கள், விளக்கெண்ணெய் பருக்காதீர்கள். பெட்டியில் துணி போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். படுக்கிற இடம் விசித்திரமாக இருப்பது பரவாயில்லை. வருடக் கணக்காகப் படுத்த இடத்தை விட்டு ஒரே நாளில் ஒளித்துக்கொள்வதுதான் எனக்குப் பயம்.

துணுக்காய் (பின்னேரம்): குழாய் போட்டுச் சலம் எடுத்தார்கள் அண்ணை. மூன்று நாள் அங்கேயே வைக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நோவுக்குப் பனடோல் கொடுக்கலாமா?

மல்லாவிக்குச் சொன்னதை வாசியுங்கள். சத்தமாக வாசியுங்கள், வீட்டில் எல்லாருக்கும் கேட்கட்டும்.